கட்டாயப் புகைச் சோதனையை ஏன் எதிர்க்கிறோம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைச் சோதனையை எதிர்ப்பதென்றால் காற்று மாசுபட்டாலும் பரவாயில்லை என்கிறீர்களா?

இல்லை. பேருந்து நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்பவரின் முகத்தில் லாரி கரும்புகை கக்கிவிட்டுப் போவதைப் பொறுக்க முடியாததால்தான் இதை எழுதுகிறோம். அந்த லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் பெரும்பாலும் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்கும். எந்த வண்டியானாலும் குறித்த காலத்துக்கு ஒருமுறை நிலையத்துக்குப் போய், நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சரில் குழாய் செருகி, தாள் வாங்கி வர வேண்டும் என்ற கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறோம். புகைக்கும் வண்டியை அந்தச் சோதனை பிடிப்பதில்லை. புகைக்காத வண்டிக்காரரின் பணமும் அரை நாளும் அதில் போகின்றன.

சட்டம் என்னதான் சொல்கிறது?

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115-ஆம் விதி இதற்கு அடிப்படை. புது வண்டிக்குப் பதிவு செய்த நாளிலிருந்து முதல் ஓராண்டு சான்று தேவையில்லை. அதன் பிறகு பிஎஸ்-4, பிஎஸ்-6 (பிஎஸ் என்பது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான இந்தியத் தரநிலை; எண் கூடக் கூட வரம்பு இறுகும்) வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. பேட்டரி வண்டிகளுக்கு இது கிடையாது. ஒரு மாநிலத்தில் எடுத்த சான்று நாடு முழுவதும் செல்லும்.

சான்று இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு பாயும். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் அதில் இடமுண்டு. நன்றாக ஓடும் வண்டியில் சான்று காலாவதியான மறுநாள் போனவரும், கரும்புகையோடு போனவரும் இந்தப் பிரிவின் முன் ஒன்றுதான். எங்கள் முதல் குறையே இதுதான்.

நிலையத்தில் எதை அளக்கிறார்கள்?

பெட்ரோல், சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பார்க்கிறார்கள். வண்டி ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் மட்டும் ஓடும் நிலையில் நிற்கும். வரம்புகள் இப்படி இருக்கின்றன: 2000 மார்ச் 31-க்குப் பிறகு தயாரான நான்கு ஸ்ட்ரோக் பைக் என்றால் 3.5 சதவீதம், 4,500 பிபிஎம். அதே காலத்து இரண்டு ஸ்ட்ரோக் என்றால் 3.5 சதவீதம், 6,000 பிபிஎம். பிஎஸ்-2, பிஎஸ்-3 கார்களுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ்-4 கார்களுக்கு 0.3 சதவீதம், 200 பிபிஎம். பிஎஸ்-4 முதலான கார்களில் கூடுதலாக 2,500 ஆர்பிஎம் அளவில் இன்னொரு அளவீடு உண்டு. அதில் காற்று-எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா மதிப்பு 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும்.

டீசலுக்கு முறை வேறு. கியர் போடாமல் ஆக்சிலேட்டரைச் சட்டென முழுக்க மிதித்து, வரும் புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பார்கள். ஒளி உறிஞ்சும் குணகம் பிஎஸ்-4-க்கு மீட்டருக்கு 1.62, அதற்கு முந்தையவற்றுக்கு 2.45 என்பது வரம்பு.

இது நியாயமான அளவீடாகத்தானே தெரிகிறது? என்ன குறை?

நின்ற வண்டியின் புகையும் ஓடும் வண்டியின் புகையும் ஒன்றல்ல. முழுக் குறையும் இதிலிருந்தே வருகிறது.

கார்புரேட்டர் பைக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐடிலிங்கில் பெட்ரோல் பைலட் ஜெட் என்ற சிறு துளை வழியாக மட்டும் வருகிறது. சாலையில் 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வேலை செய்வது ஊசியும் மெயின் ஜெட்டும். ஊசி தேய்ந்து, மெயின் ஜெட் பெரிதாகி, வண்டி லிட்டருக்கு 30 கிலோமீட்டர்கூடத் தராத நிலையில் இருக்கலாம். பைலட் ஜெட் சரியாக இருந்தால் சோதனையில் பாஸ் ஆகிவிடும். எதிர்மாறாகவும் நடக்கிறது. ஐடில் மிக்சர் ஸ்க்ரூ கால் சுற்று தப்பியிருந்தாலே, மற்றபடி நல்ல வண்டி ஃபெயில் ஆகும். அதனால்தான் நிலையத்துக்கு வெளியே மெக்கானிக்குகள் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறார்கள். ஸ்க்ரூவைத் திருப்பி, பெட்ரோல் குறைவாகப் போகும்படி லீன் ஆக்கி, சோதனை முடிந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். சாலையில் வரும் புகையில் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்தது நைட்ரஜன் ஆக்சைடுகள். நகரக் காற்றில் ஓசோனும் நுண்துகளும் உருவாக இவை முக்கியக் காரணம். எரியறை மிகச் சூடாகும்போதுதான், அதாவது சுமையோடு மேடேறும்போதும் வேகமெடுக்கும்போதும்தான் இவை அதிகம் உண்டாகும். நின்ற வண்டியில் சொற்பமே. நம் சோதனை இவற்றை அளப்பதே இல்லை. இந்தக் குருட்டிடத்தின் விளைவு 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பளிச்சென்று தெரிந்தது. டெல்லியிலும் குருகிராமிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைச் சாலையோரக் கருவிகளால் அளந்து சர்வதேசத் தூய போக்குவரத்து மன்றமான ஐசிசிடி வெளியிட்ட ஆய்வு அது. 'சுத்தமான எரிபொருள்' என்று நம்பப்படும் சிஎன்ஜியில் ஓடும் சில இலகு சரக்கு வண்டிகள், ஆய்வக வரம்பைப் போல 14 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியிட்டன. அப்படிப்பட்ட வண்டிக்கு நம் நிலையத்தில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் மட்டுமே பார்க்கப்படும். சான்று தாராளமாகக் கிடைக்கும்.

பெட்ரோல் வண்டியின் நுண்துகளும் இந்தச் சோதனையில் இல்லை.

டீசல் புகையையாவது கருவி பிடிக்குமே?

பழைய டீசலில் ஓரளவு பிடிக்கும். பிஎஸ்-6 டீசலில் துகள் வடிகட்டி இருக்கிறது. அது நல்ல நிலையில் இருந்தால் கண்ணுக்குப் புகையே தெரியாது. அது விரிசல் விட்டாலோ, அடைத்துக்கொள்கிறதே என்று யாராவது கழற்றி வெட்டி எடுத்துவிட்டாலோ, வெளிவரும் துகள் எண்ணிக்கை பல மடங்கு கூடும். ஆனாலும் ஒளி மறைப்புக் கருவியில் அளவு வரம்புக்குள்ளேயே காட்டிவிடும். ஐரோப்பாவில் இதைக் கண்டுகொண்டு, பெல்ஜியம் 2022-இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023-இலும் துகள்களை எண்ணும் கருவிக்கு மாறிவிட்டன. நெதர்லாந்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் துகள், ஜெர்மனியில் 2.5 லட்சம் என வரம்பு வைத்தார்கள். நாம் இன்னும் ஒளி மறைப்பிலேயே நிற்கிறோம்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கெடு தாண்டிய டீசல் காரில், நின்ற இடத்தில் திரும்பத் திரும்ப ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பது ஆபத்து. பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து, இன்ஜினையே பிரிக்க வேண்டிய செலவு வரும். அந்த நட்டத்துக்கு நிலையம் பொறுப்பேற்காது.

கருவி சரியாக இருந்தால் எண்கள் பொய் சொல்லாது அல்லவா?

குழாயை எவ்வளவு ஆழம் செருகினார்கள் என்பதிலேயே எண் மாறிவிடும். சுமார் 30 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். பைக் சைலன்சரில் தடுப்புகள் இருப்பதால் அவ்வளவு போகாது. அதற்கு முனையில் காற்றுப் புகாதபடி ஒரு நீட்டிப்புக் குழாய் மாட்ட வேண்டும். பல இடங்களில் அது இருப்பதில்லை. குழாய் சைலன்சர் வாயில் தொட்டுக்கொண்டு நிற்கும்.

கணக்கைப் பாருங்கள். பிஎஸ்-4 கார் ஒன்றின் உண்மையான கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம் என்று வைப்போம். வரம்பு 0.3, எனவே ஃபெயில் ஆக வேண்டும். குழாய் சரியாகச் செருகப்படாமல் பாதிக்குப் பாதி வெளிக்காற்று கலந்தால் திரையில் 0.25 காட்டும். பாஸ். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி கார்பன் டை ஆக்சைடு எண். நல்ல பெட்ரோல் இன்ஜினில் அது 13 முதல் 15 சதவீதம் இருக்கும். திரையில் 6 அல்லது 7 என்று இருந்தால் கருவி ஏறக்குறைய பாதி வெறும் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. வடிகட்டி அடைத்திருந்தாலும், ரப்பர் குழாயில் கீறல் இருந்தாலும், ஆக்சிஜன் செல்லின் ஆயுள் முடிந்திருந்தாலும் எண்கள் இதேபோல் தடம் மாறும்.

சான்றிதழ்களில் முறைகேடு நடக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. டெல்லியின் வாகன மாசு குறித்து, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி தந்த அறிக்கை 2025 ஏப்ரலில் டெல்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. வரம்பைத் தாண்டிய அளவு பதிவாகியிருந்தும் சுமார் 1.08 லட்சம் பெட்ரோல், சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளுக்குப் பாஸ் சான்று தரப்பட்டதாக அதில் இருக்கிறது. ஒரே நிலையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் சோதிக்கப்பட்டதாகக் காட்டிய பதிவுகள் 7,643. ஒரே நிமிடத்தில் சோதனையும் சான்றும் முடிந்ததாகக் காட்டிய பதிவுகள் 76,865. இன்ஜின் சூடாகி, குழாய் செருகி, எண் நிலைபெறவே சில நிமிடங்கள் ஆகும்.

நாட்டிலேயே கூடுதல் கண்காணிப்பு உள்ள நகரின் நிலை இது. தமிழ்நாட்டில் 2024 முதல், வண்டியைப் படமும் வீடியோவும் எடுத்து இருப்பிடத்தோடு செயலியில் பதிவேற்றும் முறை வந்திருக்கிறது. வண்டி வராமலே சான்று தருவதை அது தடுக்கும், அதை வரவேற்கிறோம். குழாய் எவ்வளவு ஆழம் போனது என்பதையோ, நைட்ரஜன் ஆக்சைடுகளையோ அந்தப் படம் காட்டாது.

கட்டாயச் சோதனையை எங்காவது கைவிட்டிருக்கிறார்களா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2020 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. டென்னசி மாநிலம் 2022 ஜனவரியில் நாஷ்வில் அமைந்த டேவிட்சன் மாவட்டம் தவிர மற்ற இடங்களில் நிறுத்தியது. இரண்டிலும் காற்று மத்திய அரசின் தர அளவுக்குள் வந்திருந்தது, பழைய வண்டிகள் குறைந்திருந்தன. நம் ஊர் நிலை அதுவல்ல என்பதை ஒப்புக்கொள்கிறோம். 'அங்கே நிறுத்திவிட்டார்கள், இங்கும் நிறுத்து' என்று வாதிடுவது எங்களுக்கு உடன்பாடில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. அடுத்த பதிலில் இருக்கிறது.

சோதனையை எடுத்துவிட்டால் புகைக்கும் வண்டியை எப்படிப் பிடிப்பது?

சாலையிலேயே. அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஸ்டெட்மன் 1980-களின் கடைசியில் ஒரு கருவியைச் செய்தார். சாலையின் ஒரு பக்கமிருந்து அகச்சிவப்புக் கதிரைக் குறுக்கே பாய்ச்சி, வண்டி கடந்த ஒரு நொடிக்குள் அதன் புகையில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கருவி. கூடவே ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். பல நகரங்களில் அளந்தபோது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வண்டிகளே கார்பன் மோனாக்சைடில் பாதியை வெளியிடுவதை அவர் கண்டார். மீதி ஒன்பது பங்கு வண்டிகளை ஆண்டுதோறும் நிலையத்துக்கு இழுப்பது வீண் என்று கடைசிவரை வாதிட்டவர் அவர். கொலராடோவில் இப்போதும், சாலையோரக் கருவியில் சுத்தம் என்று தெரிந்த வண்டிகளுக்கு நிலையச் சோதனையிலிருந்து விலக்கு தரும் வழி இருக்கிறது.

இந்தியாவுக்கு இது புதிதும் அல்ல. கொல்கத்தாவில் இத்தகைய கருவிகள் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. மேலே சொன்ன டெல்லி ஆய்வும் இதே முறைதான். தனியார் கார்களைவிட டாக்சிகளும் சரக்கு வண்டிகளும் பல மடங்கு அதிகம் வெளியிடுவதை அது எண்ணோடு காட்டியது. எங்கே கை வைக்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

நாங்கள் கேட்பது இவைதான். பிஎஸ்-6 வண்டிகளுக்குக் குழாய்ச் சோதனையை நீக்கி, இன்ஜின் கோளாறுகளைத் தானே கண்டு பதிவு செய்யும், வண்டியிலேயே உள்ள ஓபிடி கணினியைப் படித்தால் போதும் என்று ஆக்குங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா, கோளாறுக் குறியீடு பதிவாகியிருக்கிறதா என்பது இரண்டு நிமிட வேலை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களைப் பல மாநிலங்கள் இப்படித்தான் சோதிக்கின்றன. சாலையோரக் கருவியில் இரண்டு முறை வரம்பு மீறிய வண்டிக்கு மட்டும் அழைப்பு அனுப்புங்கள். அதிக தூரம் ஓடும் டாக்சி, லாரி, பேருந்து, ஷேர் ஆட்டோ ஆகியவற்றுக்குச் சுமையோடு சோதனை வையுங்கள். தாள் காலாவதிக்கான அபராதத்தையும் உண்மையாகவே புகைத்ததற்கான அபராதத்தையும் சட்டத்தில் தனித்தனியாகப் பிரியுங்கள்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் வண்டிகளுக்கும் விலக்கு வேண்டுமா?

வேண்டாம். ஐடிலிங் சோதனையால் ஏதாவது பயன் உண்டென்றால் அவற்றில்தான். கெட்ட ஸ்பார்க் பிளக்கும் அடைத்த ஏர் ஃபில்டரும் அங்கே சிக்கும்.

சான்று இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

2017 ஆகஸ்ட் 10-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்று இல்லாமல் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது என்றது. அதனால் ஏராளமான வண்டிகள் மூன்றாம் நபர் காப்பீடே இல்லாமல் ஓடுகின்றன, விபத்தில் அடிபட்டவருக்கு நட்டஈடு கிடைப்பதில்லை என்று காப்பீட்டு நிறுவனங்களின் மன்றம் முறையிட்டது. 2024 ஜூலையில் நீதிமன்றம் அந்த நிபந்தனையை விலக்கிக்கொண்டது. சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஆகஸ்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஏஜென்ட் வேறுவிதமாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

அப்படியானால் எதிர்ப்பைக் காட்டச் சான்று எடுக்காமல் ஓட்டலாமா?

கூடாது. சட்டம் மாறும்வரை அது சட்டம். 10,000 ரூபாயை ஒரு டெலிவரி ஊழியரோ காய்கறி வண்டிக்காரரோ தாங்க முடியாது. சான்று எடுத்துக்கொண்டே எதிர்ப்பதுதான் எங்கள் வழி.

சோதனைக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

1. குறைந்தது 15 நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி (கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்) சூடாகாவிட்டால் நல்ல காரும் ஃபெயில் ஆகும். டீசலில் இன்ஜின் ஆயில் 60 டிகிரியாவது தொட்டிருக்க வேண்டும்.
2. வரிசையில் நெடுநேரம் அணைத்து வைத்திருந்தால், உங்கள் முறை வருவதற்குச் சில நிமிடம் முன்பே ஸ்டார்ட் செய்யுங்கள். டீசலில் அளவிடும் முன் இரண்டு மூன்று முறை ரெய்ஸ் செய்து சைலன்சரில் தேங்கிய கரியை வெளியேற்றச் சொல்லுங்கள்.
3. ஏசி, விளக்கு எல்லாம் அணைத்திருக்கட்டும். சோக் போட்டிருக்கக் கூடாது.
4. குழாய் செருகும் ஆழத்தையும், திரையில் கார்பன் டை ஆக்சைடு எண்ணையும் நீங்களே பாருங்கள்.
5. நிலையத்தின் உரிமமும் கருவியின் கேலிப்ரேஷன் சான்றும் சுவரில் இருக்கின்றனவா, தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள்.
6. பதிவான செல்போன் எண் உங்களுடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களும் கொடுத்தால் சான்று தெரிய வேண்டும். அதுவரை தாளைத் தொலைக்காதீர்கள்.

ஃபெயில் ஆனால்?

2021-இல் வந்த விதிப்படி, காரணம் எழுதிய நிராகரிப்புச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எதைச் சரிசெய்வது என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது.

கார்பன் மோனாக்சைடு அதிகம், ஹைட்ரோகார்பன் சரி என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. ஏர் ஃபில்டர், ஐடில் மிக்சர், கார்புரேட்டர் ஃப்ளோட் மட்டம், இன்ஜெக்ஷன் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள். ஹைட்ரோகார்பன் மட்டும் எகிறினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக், பிளக் கேபிள், இக்னிஷன் காயில், வால்வு இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டும் அதிகமாகி, சோதனை சூடான இன்ஜினில்தான் நடந்தது என்றால் வினையூக்கி மாற்றி செத்திருக்கலாம். லாம்டா மட்டும் 1.03-ஐத் தாண்டினால் வினையூக்கி மாற்றியைத் தொடாதீர்கள். முதலில் சைலன்சர் இணைப்புகளில் கசிவு தேடுங்கள். ஐம்பது ரூபாய் கேஸ்கட்டுக்குப் பதில் பல ஆயிரம் ரூபாய் மாற்றியை வாங்கவைப்பது இங்கேதான் நடக்கிறது.

டீசலில் கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், டர்போ குழாயில் விரிசல், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டிருப்பது, கடைசியாக இன்ஜெக்டர். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ட்யூனிங்கால் தீராது, பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பார்க்க வேண்டும்.

சான்று இருந்தும் இ-சலான் வந்துவிட்டது. என்ன செய்வது?

சலானில் உள்ள தேதி, நேரத்தைச் சான்றின் செல்லுபடி தேதியோடு ஒப்பிடுங்கள். சான்று அன்று நடப்பில் இருந்தால் நகலை இணைத்து, சலான் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் மனு போடுங்கள். பணம் கட்டிவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும், எனவே முதலில் மனு. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ள சான்றும் செல்லும். சாலையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பவர்கள் காகிதம்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அதைச் சொல்லுங்கள்.

தனி ஒருவர் இந்த முறையை மாற்ற என்ன செய்ய முடியும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். கேட்க வேண்டியவை: உங்கள் எல்லையில் எத்தனை நிலையங்கள், ஒவ்வொன்றிலும் கடந்த ஓராண்டில் சோதித்தவை எத்தனை, அவற்றில் ஃபெயில் எத்தனை, ஒவ்வொரு கருவிக்கும் கடைசியாகக் கேலிப்ரேஷன் செய்த தேதி, அதிகாரிகள் நேரில் ஆய்வு செய்த தேதிகளும் அறிக்கை நகல்களும், உரிமம் ரத்தானவை எத்தனை. 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி வேண்டாம், பதில் வராது. ஆவணமும் எண்ணும் மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

ஆயிரக்கணக்கில் சோதித்த நிலையத்தில் ஃபெயில் எண்ணிக்கை பூஜ்யம் என்று பதில் வந்தால், அந்த ஒரு தாளே நாங்கள் மேலே எழுதிய எல்லாவற்றையும்விட வலுவானது. அதை இணைத்து உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் போக்குவரத்து ஆணையருக்கும் அனுப்புங்கள். மத்திய விதிகளில் திருத்த வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழக்கமாக 30 நாள் அவகாசம் தருவார்கள். அப்போது எந்த விதி, எந்த உட்பிரிவு, என்ன வாசகத்துக்குப் பதில் என்ன வாசகம் என்று எழுதி அனுப்புங்கள். 115-ஆம் விதியின் 7-ஆம் உட்பிரிவில் பிஎஸ்-6 வண்டிகளுக்கு ஓபிடி சோதனையே போதும் என்று சேர்க்கக் கோருவதிலிருந்து தொடங்கலாம்.